மாடியில் நல்ல காற்று

எங்கள் அலுவலகத்தில் காத்திருப்பவர்களுக்குக் கேட்காமலே தண்ணீர் கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். அதற்கு முன்பு மூலையில் ஒரு குடமும், சங்கிலியில் கட்டிய ஒரு டம்ளரும் இருந்தன. டம்ளரையே நம்பி விடாத இடத்தில் தங்கள் கஷ்டத்தை யார் நம்பிச் சொல்வார்கள்? பாதி சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். நான் சேர்ந்த முதல் வாரமே சங்கிலியை அறுத்து எறிந்தேன். இதுவரை ஒரு டம்ளர்கூடக் காணாமல் போனதில்லை. ஆரம்பத்திலிருந்து எழுதித் தரும்படி நீங்கள் சொன்னதால், ஐயா, நான் எப்படிப்பட்டவள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வாசலில் குடும்ப உதவி மையம் என்று பெயர்ப்பலகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் பணம் கொடுப்போம் என்று நினைத்து வருவார்கள். எங்களிடம் சல்லிக்காசு கிடையாது. யாரிடம் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று வழி காட்டுவதுதான் எங்கள் வேலை. கொடுக்கிற மனிதர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தர்மவானுக்கும் ஒரு குணம். இரும்புக்கடை முதலாளி பிள்ளைகளின் படிப்புக்கு அள்ளிக் கொடுப்பார். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்குத் தலை சுற்றும். ஒரு நீதிபதியின் மனைவி விதவைகளுக்கு மட்டும் கொடுப்பார். அதிலும் அழுகிற விதவை என்றால் பிடிக்காது. கண்ணாடிக் கடைக்காரர் யாருக்கும் கொடுப்பார், அந்த வீட்டில் டி.வி. மட்டும் இருக்கக் கூடாது. மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அம்மா இருக்கிறார். ஆபரேஷன் செலவுக்குக் கொடுப்பவர். அவர் எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. நான் சொன்னால் போதும். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

மற்றவர்கள் எல்லாரும் பணம் கொடுப்பதற்கு முன் ஓர் ஆளை அனுப்பி வீட்டைப் பார்த்துவரச் சொல்வார்கள். உண்மையிலேயே கஷ்டமா, நடிப்பா என்று அந்த ஆள் பார்த்துச் சொல்ல வேண்டும். வீடு பார்ப்பது என்று இதை நாங்கள் சொல்வோம். வீடு பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்தால் கஷ்டப்படுகிற குடும்பம் தவறாமல் செய்யும் தவறு ஒன்று உண்டு. வீட்டைச் சுத்தம் செய்துவிடுவார்கள். இருப்பதிலேயே நல்ல உடையை எடுத்து உடுத்திக்கொள்வார்கள். வருகிறவர் விருந்தாளி அல்ல என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் அம்மாவுக்கும் தெரியவில்லை. அப்போது எனக்குப் பள்ளிக்கூட வயது. என் அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. அப்பா இல்லை. அம்மா ஒரு துணிக்கடையில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் அறக்கட்டளையிலிருந்து வீடு பார்க்க ஆள் வருவதாகச் சொன்னதும், பெரிய மனிதர் வருகிறார், தரையில் உட்காரச் சொல்ல முடியுமா என்று அம்மா பதறிப்போய்ப் பக்கத்து வீட்டில் மெத்தை வைத்த நாற்காலிகளையும், எதிர் வீட்டில் பூப்போட்ட கோப்பைகளையும் இரவல் வாங்கி வந்தாள். ஜன்னலுக்குத் திரைகூட இரவல்தான். அந்தத் திரைக்குப் பொருத்தமாக அக்காவின் படுக்கையை நகர்த்திப் போட்டது நான்.

வீடு பார்க்கிற சார் வந்தார். அம்மா அவரை அப்படித்தான் சொல்வாள். உட்காருவதற்கு முன் அறையைக் கண்ணாலேயே ஒருமுறை அளந்தார். டீயை ருசித்துக் குடித்தார்.

"பரவாயில்லையே, வீட்டை நல்லா வச்சிருக்கீங்க," என்றார்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். இரவல் என்று சொல்ல அவளுக்கு வெட்கம். வசதியான வீடு, உதவி தேவையில்லை என்று அவர் சொல்லிவிட்டார். விஷயம் தெரிந்ததும் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அவருடைய அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அந்த நாற்காலி எங்களோடது இல்ல சார். பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கினது."

அவர் கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அப்போ அன்னைக்கு என்னை ஏமாத்தினீங்களா, இல்ல இன்னைக்கு ஏமாத்துறீங்களா?"

அம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள். அக்கா அந்த வருடமே போய்விட்டாள். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா உட்காரச் சொன்னதில்லை. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பிவிடுவாள். சாகும்வரை அப்படித்தான் இருந்தாள்.

நான் இந்த வேலைக்கு வந்தது அவரைத் தேடி அல்ல. எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வழி காட்ட வேண்டும் என்றுதான் வந்தேன். நீங்கள் விசாரித்தால் தெரியும், என்னால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. வீட்டைச் சுத்தம் செய்யாதீர்கள், இருப்பது இருக்கிறபடி இருக்கட்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவேன். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது. போன வருடம் அவராகவே என் மேஜைக்கு எதிரே வந்து நின்றார்.

முடி முழுக்க நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. உட்காருவதற்கு முன் சுவர், மின்விசிறி, மேஜையின் கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பரவாயில்லையே, ஆபீஸை நல்லா வச்சிருக்கீங்க," என்றார்.

நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

மகளுக்கு இருதயத்தில் வால்வு பழுது. மாற்றியே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மருமகன் தொழில் செய்கிறேன் என்று இவருடைய ஓய்வுக்காலச் சேமிப்பையெல்லாம் வழித்து எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். மகள் வீட்டிலேயே துணி தைத்து இருவருக்கும் சோறு போடுகிறாள். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நானும் இந்தத் துறையில இருந்தவன்தாம்மா. எனக்குத் தெரியாத தில்லுமுல்லா? வாசல்ல கிடக்கிற செருப்பைப் பாத்தே சொல்லிடுவேன், உள்ள இருக்கிறது கஷ்டமா நடிப்பான்னு."

"நீங்க தப்பா முடிவு பண்ணின வீடு ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லியிருந்தால் நான் விட்டிருப்பேன். வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு மருந்து வியாபாரி அம்மாவுக்கு அன்றைக்கே போன் போட்டிருப்பேன். அவர் யோசித்தார். கண்ணை மூடி, ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்ப்பதுபோல யோசித்தார்.

"இல்லம்மா. அந்த விஷயத்துல எனக்கு நிம்மதியான தூக்கம்."

இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். நான் முடிவு செய்தது அப்போதுதான்.

அவருடைய வீட்டுக்கு நானே போனேன். தரைத்தளத்தில் இரண்டு அறைகள். சோபா, ஃபிரிட்ஜ், ஜன்னலோரம் தையல் மிஷின், கண்ணாடி அலமாரிக்குள் அவர் ஓய்வுபெற்றபோது கொடுத்த கேடயம். எல்லாம் பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. மகள் புதுக் கோப்பையில் டீ கொண்டுவந்தாள். சமையலறையிலிருந்து வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சார், உங்களுக்குத் தெரியாததில்ல. இந்த வீட்டை நீங்க பாக்க வந்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் தன் வீட்டை அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"வசதியான வீடுன்னு," என்றார்.

"அதான் சார்."

அந்த நிமிடம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை உங்களிடம் மறைக்கமாட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பசித்தவன் முதல் கவளத்தோடு எழுந்திருப்பதில்லை.

சோபா முதலில் போனது. பிறகு ஃபிரிட்ஜ். ஒவ்வொன்றும் போனபிறகு நான் ஒருவரை வீடு பார்க்க வரவழைப்பேன். படிப்புக்கு மட்டும் கொடுக்கும் இரும்புக்கடை முதலாளியின் ஆள், விதவைகளுக்கு மட்டும் கொடுக்கும் நீதிபதி மனைவியின் ஆள், இப்படி. எல்லாரும் மரியாதையாகப் பார்த்துவிட்டு மரியாதையாக மறுத்துவிட்டார்கள். ஏன் மறுத்தார்கள் என்று அவர் என்னிடம்தான் வந்து கேட்பார். வீட்டில் இன்னும் ஏதோ கண்ணை உறுத்துகிறது சார் என்பேன். அவரும் யோசித்துவிட்டு, ஆமாம், நானாக இருந்தால் அந்தக் கட்டிலைக் கவனித்திருப்பேன் என்பார். கட்டில் போனது. மகளுக்குப் படுத்தால் மூச்சுத் திணறும். கட்டிலின் தலைமாட்டில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குவாள். கட்டில் போனபிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள்.

தையல் மிஷினை விற்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. இது இருந்தால் வருமானம் இருக்கிறது என்பார்கள் சார் என்று எடுத்துச் சொன்னேன். அவருக்குப் புரியாத நியாயமா? அவரே எத்தனை வீடுகளில் சொன்னதுதானே. மிஷினும் போனபிறகு அவர்களுக்கு உண்மையாகவே சாப்பாட்டுக்குத் திண்டாட்டம் வந்தது. இருந்த கஷ்டத்தை வெளியே தெரியும்படி செய்கிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவரும் மாறிக்கொண்டே வந்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். சவரம் செய்வதை விட்டார். ஒருநாள் என் மேஜைக்கு முன் நின்று, தோளை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டிக் கேட்டார்.

"இந்தச் சட்டை ரொம்ப வெள்ளையா இருக்காம்மா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம் கசங்கினால் நல்லது சார் என்றேன்.

மகளை மருத்துவமனைக்கு இரண்டொரு முறை நான்தான் கூட்டிப்போனேன். கூட வர வேறு பெண் துணை இல்லை அவளுக்கு. என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு ஆள் இல்லாமல் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. அதை ஒருத்தி என்னைப் பார்த்துச் சொல்லும்போது முதலில் என்னமோ செய்தது. பிறகு பழகிவிட்டது. அவளை எனக்குப் பிடிக்கவே பிடிக்கும். கெட்டிக்காரி, கேலி பேசுகிறவள். அவள்மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் அக்கா மீதும் அந்த மனிதருக்கு எந்தப் பகையும் இருக்கவில்லை.

அப்படிப் போன ஒருநாள், அவள் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் உண்மையிலேயே அவளுடைய அக்கா என்று நினைத்துவிட்டார்.

"மாடிப்படி மட்டும் ஏறவிடாதீங்கம்மா. அவங்க இருதயம் தாங்காது."

சரி டாக்டர் என்றேன். அவளிடமும் சொல்லவில்லை, அவள் அப்பாவிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர்களுக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்தேன்.

ஓர் அச்சகத்துக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. தண்ணீர்க் குழாய் கீழே தெருவோரம். வாடகை குறைவு. வீடு பார்க்க வருகிறவர்கள் இந்தப் படியேறி வந்தாலே மனம் இரங்கிவிடுவார்கள் என்று அவரிடம் சொன்னேன்.

"மேல ஏறணுமேம்மா. அவளுக்கு மூச்சு வாங்குதே," என்று தயங்கினார்.

"மாடியில நல்ல காத்து வரும் சார். மூச்சு வாங்கற உடம்புக்குக் காத்துதானே வேணும்."

அவர் நம்பினார். அவர்கள் குடிபோன அன்று நானும் போய் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். இரண்டாவது திருப்பத்தில் அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அப்போதும் சிரித்தாள்.

"நீங்க முன்னாடி போங்கக்கா. நான் அடுத்த வருஷம் வந்து சேருறேன்."

அந்தப் படியில் எனக்கு மனம் கலங்கியது உண்மை. மூட்டையை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூட வாயெடுத்தேன். அதற்குள் மேலேயிருந்து அவருடைய குரல் கேட்டது.

"சீக்கிரம் வாங்கம்மா! சாமானை நானே பரப்பி வச்சிட்டேன். பாத்தா எவனும் வசதின்னு சொல்லமாட்டான்!"

குரலில் எவ்வளவு உற்சாகம் தெரியுமா ஐயா. வேலையில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவரின் பழைய மிடுக்கு. நான் எழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டேன்.

இனி, நீங்கள் முக்கியமாகக் கேட்டதைச் சொல்கிறேன். மருந்து வியாபாரி அம்மாவிடம் நான் இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் பக்கத்து மேஜைக்காரருக்கு மனம் பொறுக்காமல் ஒருநாள் அவரிடம் சொல்லிவிட்டிருக்கிறார். அந்த அம்மா எனக்குப் போன் செய்தார்.

"ஒரு பொண்ணுக்கு வால்வு மாத்தணுமாமே? என்கிட்ட ஏன் சொல்லல? பணம் தயாரா இருக்கு. நாளைக்கே ஆஸ்பத்திரியில சேத்துடுங்க."

"அவங்களுக்கு வேற இடத்துல உதவி கிடைச்சிடுச்சும்மா," என்றேன்.

"அப்படியா, நல்லது. எங்கேயோ நல்லாயிருக்கட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. அந்தப் பணம் வீணாகவில்லை. ஒரு லாரி ஓட்டுநரின் மனைவிக்கு அதில் ஆபரேஷன் நடந்தது. இப்போது நடமாடிக்கொண்டிருக்கிறாள், நீங்கள் போய்ப் பார்க்கலாம். என் கைக்கு ஒரு காசு வரவில்லை. போனை வைத்துவிட்டு டம்ளர்களைக் கழுவினேன். வெளியே காத்திருந்த குடும்பத்தை உள்ளே கூப்பிட்டேன்.

அதற்குச் சில நாட்கள் கழித்து அவர் வழக்கம்போல என் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக் கடைக்காரரின் ஆள் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அச்சகத்துக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மகள் தண்ணீர் பிடிக்கக் கீழே இறங்கியிருக்கிறாள். குடத்தோடு ஏறும்போது நடுவழியில் விழுந்திருக்கிறாள். தூக்கும்போதே உயிர் இல்லை.

எல்லாம் முடிந்தபிறகு அவர் என்னைத் தேடி வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"நீங்க மட்டும்தாம்மா கடைசி வரைக்கும் கூட நின்னீங்க. நான்தான் லேட் பண்ணிட்டேன். அந்த சோபாவை முதல் நாளே வித்திருந்தா யாராவது குடுத்திருப்பாங்க."

நான் இத்தனை வருடம் காத்திருந்தது இதற்காகவா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியவில்லை. இழந்தவர் அவர்தான், ஆனால் எதற்காக இழந்தார் என்று தெரியாமலே இழந்துவிட்டார். இப்போது எங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். வருகிற குடும்பங்களிடமெல்லாம், உள்ளே இருக்கும் அம்மாவைப் போல ஒரு மனுஷி உலகத்தில் கிடையாது என்கிறார். சோறு எனக்கு உள்ளே இறங்கவில்லை.

யாரும் புகார் கொடுக்கவில்லை, நீங்களாக ஏன் வந்தீர்கள் என்று நேற்று கேட்டீர்கள். இதில் வழக்குப் போட என்ன இருக்கிறது என்றும் யோசித்தீர்கள். அது உங்கள் பாடு. போனில் பொய் சொன்னது நான். மருத்துவர் சொன்னதை மறைத்து அவளை மாடிக்கு ஏற்றியது நான். செத்துப்போவாள் என்று தெரிந்துதான் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. மனதில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டுப் போகத்தான் வந்தேன். கணக்கு முடிந்துவிட்டது. அந்த மனிதர்மேல் எனக்கு இப்போது எந்தக் கோபமும் இல்லை.

ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அவரை இங்கே வரவழைத்து, நான் எழுதியதை முழுவதும் படித்துக் காட்டுங்கள். நிதானமாகப் படியுங்கள்; அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. என் அம்மா அவரிடம் ஓடிவந்த இடம் அவருக்கு நினைவுக்கு வராது, அதை இன்னொரு முறை படியுங்கள். மருத்துவர் என்னிடம் சொன்ன இடத்தையும் அப்படியே. நான் கூட இருக்கக் கூடாது என்று சட்டம் இருந்தால் பரவாயில்லை, அடுத்த அறையில் இருந்துகொள்கிறேன். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.